ஃபுல்பாயில்: முந்தைய பதிவுக்குப் புதுப்பிப்பு

முட்டையைத் திருப்பிப் போட்டு ஃபுல்பாயில் எடுக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். "ஓரம் கருகுது, மஞ்சள் கரு மட்டும் வழவழன்னே இருக்கு" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து சிலர் கேட்டிருந்தார்கள்.

காரணம் தீதான். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுக ஆரம்பிக்கும். மஞ்சள் கரு 65-க்கு மேல் கெட்டிப்பட்டு, 70-ஐ ஒட்டித்தான் முழுசாக நிற்கும். மேடாக நிற்கும் கருவுக்குள் சூடு ஏற நேரம் வேண்டும். தீயைக் கூட்டினால் அந்த நேரம் கிடைக்காது, ஓரம்தான் ரப்பராகும்.

தோசைக்கல் காய்ந்ததும் சிம்மில் வையுங்கள். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், மேலே முட்டை. வெள்ளை முக்கால்வாசி இறுகி ஓரம் கல்லைவிட்டுக் கிளம்பும்போது, கரண்டி முனையால் கருவைக் குத்தி லேசாகப் பரப்பிவிடுங்கள். முன்னாடியே குத்தினால் வெள்ளையோடு ஓடிக் கலந்து ஆம்லெட் மாதிரி ஆகிவிடும். திருப்பி 1 நிமிடம். தோசைத் திருப்பியால் நடுவில் அழுத்தினால் மஞ்சள் கசியக்கூடாது.

கரு உடையாமல் வேண்டுமா? திருப்பாமல், கல்லோரம் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு 3 நிமிடம் மூடுங்கள். ஆவியில் வெந்துவிடும், ஆனால் ஓரத்து முறுகல் போய்விடும். எனக்குக் குத்திப் போடுவதுதான் பிடிக்கும்.

ஃபிரிட்ஜ் முட்டை என்றால் 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். மிளகு நம்ம பக்கம் தாராளமாகத்தான் போடுவோம். கரகரப்பாகப் பொடித்து, திருப்பிய பிறகு உப்போடு தூவுங்கள். முதலிலேயே போட்டால் கல்லில் பட்டுக் கருகிக் கசக்கும்.