40 சைஸ் ட்ரெய்னருக்கு 46 போதுமா, 61 போடலாமா?

வெள்ளவத்தைத் தம்பி:
பழைய 40 சைஸ் ட்ரெய்னர் ஒன்று, ரிமோட்டில் பறக்கவிட்டுப் பழகும் மாடல் பிளேன், கைக்கு வந்திருக்கு. இறக்கை 63 அங்குலம், எஞ்சின் இல்லை. பிளானில் எஞ்சின் அளவு 40 முதல் 46 வரை என்று போட்டிருக்கு. தெரிந்த ஒருவர் 46 விலைக்கே 61 தருகிறாராம். எனக்கு இதுதான் முதல் பிளேன். எதை எடுக்க?

கொட்டாஞ்சேனைக்காரன்:
யோசிக்காமல் 61 எடுங்க. 40 என்றால் 6.5 சிசி, 46 என்றால் 7.5, 61 என்றால் 10. கொழும்பில் 32 பாகைச் சூட்டில் காற்று, 15 பாகையில் இருப்பதைவிட 5 வீதத்துக்கு மேல் ஐதாகிவிடும். எஞ்சினுக்கும் நட்டம், இறக்கைக்கும் நட்டம். மழை விட்ட புல்லில் 40 பூட்டிய பிளேன் சில்லு சிக்கி அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். கூடின பவரை திரொட்டிலில் குறைக்கலாம். இல்லாத பவருக்கு எங்கே போவது?

மெதனோல் அண்ணை:
தம்பி, பவரைக் குறைக்கலாம், பாரத்தைக் குறைக்கேலாது. சைலன்சரோட பாத்தால் 61, 46ஐ விட ஏறக்குறைய 200 கிராம் கூட. அவ்வளவும் மூக்கில. பலன்ஸ் புள்ளியில இருந்து எஞ்சின் 30 சென்ரிமீற்றர், வால் 75 எண்டு வையுங்கோ. சமப்படுத்த வாலில 80 கிராம் ஈயம் ஒட்டவேணும். ஆக 280 கிராம். புதுசாப் பழகிற ஆள் பிளேனை உடைக்கிறது கூடுதலா இறக்கேக்கதான், அங்கதான் இந்தப் பாரம் தெரியும்.
சூட்டுக்கு மருந்து 46லயே இருக்கு. 40ஐ விட 15 வீதம் பெரிசு, ஆனா கனக்க மொடல்களில ரெண்டுக்கும் ஒரே கிராங்கேஸ் (எஞ்சின்ர வெளிக்கூடு), நிறையும் கிட்டத்தட்ட ஒண்டு. ஈரப் புல்லுக்கு 11×5 புரொப்பெல்லர் (விட்டம் 11 அங்குலம், பிட்ச் 5) போடுங்கோ, இழுவை காணும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணை, இரண்டரைக் கிலோ பிளேனில் 280 கிராம் கூடினால் ஸ்டோல் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், ஐந்தாறு வீதம்தான் ஏறும். அதற்கா இந்தப் பயம்? தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது கொஞ்சம் பாரம் இருப்பது நல்லது.

மெதனோல் அண்ணை:
கணக்குச் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா இது அடிப்பக்கம் தட்டையான இறக்கை, ரப்பர் பாண்டில கட்டினது. வேகம் கூடக் கூட மூக்கைத் தூக்கிக்கொண்டு மேல ஏறும். பழகிற பிள்ளை பயந்து ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளும், பிளேன் இன்னும் வேகம் எடுக்கும். பிறகு இழுக்கிற இழுவையில இறக்கை மடிஞ்சதை நான் கண்டனான். கீழ ஆக்கள் நிண்டால்? அதோட, பழைய பிளேன் எண்டால் எஞ்சின் பூட்டுற முன்பலகையை முதல்ல பாருங்கோ தம்பி. எண்ணெய் ஊறியிருக்கும்.

வெள்ளவத்தைத் தம்பி:
இப்போதுதான் டாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். பலகை கறுத்துப்போயிருக்கு. ஒரு மூலையில் நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. பழைய எஞ்சின் மவுண்டின் ஒரு ஸ்க்ரூ கையாலேயே சுழன்று வருகிறது.

மெதனோல் அண்ணை:
அப்ப 46ஐயும் இப்ப பூட்டவேண்டாம். பலகையை வெட்டி எடுங்கோ. எண்ணெய் ஊறின பல்சா மரத்தில எபொக்சிப் பசை பிடிக்காது, சுத்தமான மரம் தெரியுமட்டும் சுரண்டவேணும். பிறகு 6 மில்லிமீற்றர் பிளைவுட், மூலைகளில முக்கோணக் கட்டை, உள்ளுக்கு முழுக்க எபொக்சி பூச்சு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
இதில் அண்ணை சொல்வதுதான் சரி. அந்தப் பலகையில் 61 பூட்டியிருந்தால் எஞ்சின் தனியாகப் பறந்திருக்கும். ஆனாலும் 61ஐ விட்டுவிடாதீங்க, அடுத்த பிளேனுக்கு வாங்கி வையுங்க. பிளைவுட் துண்டு என்னிடம் இருக்கு, ஞாயிறு காலை கொண்டு வாறன்.