கிடினஸ்: அம்மாவுக்கு வந்த தலைச்சுற்றல்

நம்மூர் ஆஸ்பத்திரிச் சீட்டில் தலைச்சுற்றலுக்கு 'கிடினஸ்' என்றுதான் எழுதுவார்கள். நாமும் "கிடியா இருக்கு டாக்டர்" என்போம். அமெரிக்காவில் 'கிடி' என்றால் பெரும்பாலும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருப்பது. அங்கே டாக்டரிடம் 'டிஸ்ஸி' என்று சொல்வதே நல்லது. ஆனால் எந்த ஊரிலும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அம்மா விஷயத்தில் நாங்கள் பட்டது அப்படி.

கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் போதும், அம்மாவுக்கு வீடே சுழலும், குமட்டும். அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பித்தம் என்று பெரியம்மா இஞ்சிச்சாறு கொடுத்தார். ஒரு கிளினிக்கில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டி, மாத்திரையும் கொடுத்தார்கள். அம்மா தலையைத் திருப்பவே பயந்து, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். "கிடின்னா எப்படிம்மா? ரூம் சுத்துதா, கண்ணைக் கட்டிக்கிட்டு வருதா, நடக்கும்போது தள்ளுதா?" என்று கேட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்களைக் கவனித்தார். கருவிழிகள் தானாகத் துடித்தன.

உள்காதில் சமநிலைக்கென்று நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் அங்குள்ள திரவத்தைக் கலக்கிவிடும். மூளை உடம்பே சுழல்வதாக எடுத்துக்கொள்ளும். இதற்கு பிபிபிவி என்று பெயர். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி, எங்கள் டாக்டர் அம்மாவின் தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். சில நிமிட வேலைதான். திரும்ப வரலாம், வந்தால் இதையே செய்யலாம் என்றார்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறதென்றால் அது வேறு. ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தலைச்சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ பக்கவாதமாக இருக்கலாம். தயவுசெய்து இஞ்சிச்சாறு போட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.