ஆண்டுக்கு 32,000 டாலர் உதவித்தொகைக் கடிதம்: ஒப்புக்கொள்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி – சேலத்துத் தந்தை

வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் பாடங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி) அவளுக்கு இடம் கிடைத்துள்ளது. தகுதி அடிப்படையில் ஆண்டுக்கு 32,000 டாலர், நான்கு ஆண்டுகளுக்கு 1,28,000 டாலர் உதவித்தொகை தருவதாகத் தனியே ஒரு கடிதமும் வந்தது. இளம்பிள்ளைத் தறிகளைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையைக் குறிப்பிட்டு, சேர்க்கை அலுவலர் அதன் அடியில் தம் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். என் தாயார் அந்தக் கடிதத்துக்குக் குங்குமம் இட்டுப் பூசையறையில் வைத்துவிட்டார்.

மகிழ்ச்சி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். கல்விக் கட்டணம் 54,000, விடுதியும் உணவும் 14,500, மருத்துவக் காப்பீடு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்து 5,500 என ஆண்டுக்கு 74,000 டாலர் ஆகிறது. உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியது 42,000. நானும் மனைவியும் ஆசிரியர்கள்; இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தொடாது. விண்ணப்பிக்கும்போது, நிதியுதவி வேண்டும் என்று குறித்தால் இடம் கிடைக்காது என ஓர் ஆலோசகர் சொன்னதால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டோம். மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய தொகையை வேண்டாம் என்று சொல்வது அறிவீனமாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில் 1 – கட்டணக் கணக்கர்

ஐயா, ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கணக்கு அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகளின் திறமையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆனால் அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவிக்கும் கல்விக் கட்டணத்தில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட பங்கை உதவித்தொகை என்ற பெயரில் தாங்களே தள்ளுபடி செய்துவிடுகின்றன. நம் ஊர்த் துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முன்பே விலைச்சீட்டு ஒட்டப்படுவதைப் போன்றதுதான் இதுவும். ஆகவே 32,000 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள்; கையிலிருந்து போகும் 42,000-ஐப் பாருங்கள்.

அந்த 42,000-மும் நிலையானதன்று. உதவித்தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டும் அதே தொகையாக நிற்கும், கட்டணமோ ஆண்டுதோறும் ஏறும். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடுவதாக வைத்துக்கொண்டால், நான்காம் ஆண்டில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 50,500 டாலர். 1,68,000 என்று நீங்கள் நினைத்த மொத்தத் தொகை 1,85,000-ஐ நெருங்கும். இது டாலரில் மட்டும்; ரூபாய் சரிந்தால் அதையும் நீங்களே சுமக்க வேண்டும்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்குள் அடங்குவதால் அமெரிக்காவில் அதற்கு வரி இல்லை. விடுதி, உணவுக்கெனத் தரப்படும் பகுதிக்கே வரி உண்டு. வங்கிக் கடன் என்றால், நம் பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியிருக்கும் கடனோ கோடியைத் தாண்டும். கல்விக் கடன் வட்டிக்கு நம் வருமான வரியில் எட்டு ஆண்டு வரை விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்.

பதில் 2 – நூலகத்து மேசை

ஐயா, நானும் இப்படியொரு உதவித்தொகையில்தான் அமெரிக்காவில் படித்தேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், தொகை ஆண்டுதோறும் தொடர்வதற்கான நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். எனக்கு ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.0 கேட்டார்கள். இங்கே பள்ளியில் முதல் மாணவியாக இருந்த நான், முதல் பருவத்தில் நுண்கணிதத்தையும் எழுத்துப் பயிற்சி வகுப்பையும் ஒன்றாக எடுத்து 2.8-இல் நின்றேன். கட்டுரையில் பிழையே இல்லை, ஆனால் உன் வாதம் எங்கே என்று பேராசிரியர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பருவம் அவகாசம் தந்தார்கள், மீண்டுவிட்டேன். 2.0 போதும் என்ற கல்லூரியும் 3.3 கேட்கும் கல்லூரியும் ஒரே தொகையைத் தந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

பகுதிநேர வேலையைக் கணக்கில் பெரிதாகச் சேர்க்காதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி, அதுவும் கிடைத்தால். நான் நூலக மேசையில் வாரம் 10 மணி நேரம் உட்கார்ந்தேன். மணிக்கு 11 டாலர் வீதம் கல்வியாண்டு முழுவதும் சேர்ந்தது 3,300 டாலர்தான். புத்தகம், கைபேசிக் கட்டணம், குளிர்கால விடுமுறையில் உணவுக்கூடம் மூடிய மூன்று வாரச் சமையல் ஆகியவற்றிலேயே அது கரைந்தது.

இருந்தாலும் அந்தப் படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டு முடியும் வரை முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதுநிலை மாணவர்கள் இல்லாததால் ஆய்வகத்தில் பேராசிரியருக்கு உதவியாக நம்மையே வைத்துக்கொள்வார்கள். பொருளாதாரம் படிக்கப் போன நான் புவியியலில் வெளியே வந்தேன்.

ஆலோசகர் சொன்னது பாதி உண்மை. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்த்துத்தான் இடம் தருகின்றன. ஆம்ஹெர்ஸ்ட், போடோயின் போன்ற மிகச் சில கல்லூரிகளே தேவையைப் பார்க்காமல் சேர்த்து, முழுத் தேவையையும் ஈடுசெய்கின்றன. ஆம்ஹெர்ஸ்டிலும் வில்லியம்ஸிலும் தகுதி உதவித்தொகை என்பதே கிடையாது, குடும்பத்தின் தேவைக்கேற்ற உதவி மட்டும்தான். தேவை இருந்தும் கேட்காமல் விட்டவருக்குப் பிறகு வழி திறப்பது அரிது. ஆனாலும் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வருமானச் சான்றை இணைத்து, எவ்வளவு முடியும் என்ற எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், வேறு கல்லூரியின் கடிதம் இருந்தால் அதையும் வையுங்கள்.

மறுமொழி – சேலத்துத் தந்தை

இருவருக்கும் நன்றி. எழுதினேன், ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மிகுந்த மரியாதையோடு ஆண்டுக்கு 3,000 டாலர் கூட்டியிருக்கிறார்கள். மீதி 39,000. நான்கு ஆண்டுக் கணக்கை மகளே தாளில் எழுதி என் முன் வைத்தாள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமே என்று என் தாயார் சொன்னபோது, வேண்டாம் பாட்டி என்றவளும் அவள்தான். முன்பணம் கட்டவில்லை. ஓராண்டு காத்திருந்து, இம்முறை நிதியுதவிக் கட்டத்தையும் நிரப்பி விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறாள். அதற்கிடையில் இங்கே ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கலாமா?

பதில் 3 – நூலகத்து மேசை

தாராளமாக விண்ணப்பிக்கலாம் ஐயா, ஆனால் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட வேண்டாம். சேர்ந்துவிட்டால் பல கல்லூரிகள் அவளை வேறு கல்லூரியிலிருந்து இடமாற்றம் கேட்கும் மாணவியாகவே கருதும், அத்தகைய மாணவர்களுக்கு ஒதுக்கும் நிதி மிகக் குறைவு. சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதிநிலைப் படிவம் அக்டோபர் 1-இல் திறக்கும்; உங்கள் இருவரின் வருமான வரிப் படிவங்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் செப்டம்பரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தறிக் கட்டுரையை மாற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.