மலைச்சரிவில் தோட்டம் வடிவமைக்கும் வேலை செய்பவர்களே: எந்த மென்பொருள், என்ன அனுபவம்?

கோத்தகிரி மேடு:

இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. கோத்தகிரிக்குக் கீழே 40 சென்ட், பழைய தேயிலை நிலம். வீட்டைச் சுற்றித் தோட்டமும் நடைபாதையும் கேட்டார்கள். புது முப்பரிமாண மென்பொருள் வாங்கிச் செய்த முதல் வேலை அது. சர்வேயர் கொடுத்த கான்டூரை, அதாவது 2 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகப் போட்ட சம உயரக் கோடுகளை, உள்ளே போட்டதும் தரை எழுந்து நின்றது. வழுவழு என்று அழகான சரிவு. அதன் மேல் பாதையை வளைத்து வளைத்து இறக்கினேன். வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கோடு போடுகிற நாள். மேஸ்திரி சுண்ணாம்பு வாளியோடு முன்னால் போகிறார், நான் பிரிண்ட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பின்னால். உண்ணிச்செடியை விலக்கிக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். "மேடம், நான் கட்டு மேல நிக்கிறேன். கோடு எங்க போகுது?" அவர் காலுக்குக் கீழே ஐந்தடிக் கல்கட்டு. அப்படி நான்கு கட்டு அந்த நிலத்தில். என் மாடலில் ஒன்றுகூட இல்லை. அள்ளின சுண்ணாம்பு அவர் விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு யார் எந்த மென்பொருளைச் சொன்னாலும், அது கல்கட்டைக் காட்டுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கொடை மழை:

என்னுடையது சின்னது. மன்னவனூர் பக்கம் 6 ஏக்கர். சென்னையிலிருந்து வந்த கோப்பில் யூடிஎம் 44 (உலக வரைபடத்தைப் பிரிக்கிற மண்டல எண்) என்று குறித்திருந்தது. சென்னைக்கு 44 சரி. நாம் 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கிறோம், நமக்கு 43. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் நிலம் இலங்கைக்கும் கிழக்கே கடலில் கிடக்கிறது. எண்ணை மாற்றினால் முடிகிற விஷயம். அங்கிருந்த தம்பி அதை மவுஸால் பிடித்து இழுத்துச் சாட்டிலைட் படத்தின் மேல் வைத்துவிட்டான். "பொருந்திடுச்சுண்ணா" என்றான். நானும் விட்டுவிட்டேன். எட்டு மீட்டர் விலகியிருந்தது. குழி எடுத்தது பக்கத்துப் பூண்டுக் காட்டில். அந்தக் காட்டுக்கார அம்மா, நாங்கள் பிடுங்கிப் போட்ட பூண்டுச் செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

லெவல் பார்ப்பவன்:

முதல் பதிவு போட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. 2 மீட்டர் கான்டூரில் ஒன்றரை மீட்டர் கட்டு எப்படித் தெரியும்? இரண்டு கோட்டுக்கு நடுவே எதுவானாலும் முக்கோணம் போட்டுத்தான் இணைக்கும். கட்டின் தலையிலும் அடியிலும் தனித்தனியாக லெவல் (உயர அளவு) எடுத்துப் பிரேக்லைனாக, அதாவது சரிவு முறிகிற இடத்தைச் சொல்லும் கோடாகக் கொடுக்க வேண்டும். சிவில் 3டி மென்பொருளில் சுவருக்கென்றே ஒரு பிரேக்லைன் வகை இருக்கிறது. மற்றவற்றில் தலைக்கோட்டையும் அடிக்கோட்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரையுங்கள், ஒரே புள்ளிக்கு இரண்டு உயரம் கொடுத்தால் ஏற்காது.

என் அனுபவம்: கேத்தி பக்கம் ஒரு வேலை, சரிவு வரைபடத்தில் 30 என்று இருந்ததைச் சதவீதம் என்று படித்துவிட்டேன். அது பாகை. 30 பாகை என்றால் 58 சதவீதம். மண் ஏற்றி வந்த டிப்பர் டிரைவர் நான் காட்டிய பாதையைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார், அவ்வளவுதான். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

எதை வாங்கலாம் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆட்டோகேட், சிவில் 3டி எல்லாம் விற்கிற ஆட்டோடெஸ்க் 2016 முதல் நிரந்தர உரிமம் விற்பதில்லை, சந்தாதான். மாதாமாதம் வேலை வராத ஆளுக்கு அது பாரம். ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ள ரைனோ இருக்கிறது, பிரிக்ஸ்கேட் இருக்கிறது. ஆட்டோகேடின் சுருக்கப் பதிப்பான எல்டி வாங்கினால் முப்பரிமாண மாடல் செய்ய முடியாது, பிறகு வருத்தப்படாதீர்கள். செடிப் பட்டியலும் எண்ணிக்கையும் வரைபடத்தோடு சேர்ந்தே மாற வேண்டுமென்றால் வெக்டர்வொர்க்ஸ் லேண்ட்மார்க், அல்லது ஆட்டோகேடோடு சேர்த்து ஓடுகிற லேண்ட் எஃப்எக்ஸ். ஆனால் சர்வேயரும் கான்ட்ராக்டரும் ஆட்டோகேட் கோப்பு வகையான டிடபிள்யூஜிதான் கேட்பார்கள், அது ஒழுங்காகப் போய் வருகிறதா என்று பாருங்கள். சரிவும் நீரோட்டமும் பார்க்க கியூஜிஐஎஸ் போதும், இலவசம். சோதனைப் பதிப்பில் அவர்கள் தரும் மாதிரி நிலத்தை வைத்து விளையாடாதீர்கள். உங்கள் நிலத்தின் மோசமான மூலையைப் போடுங்கள். கட்டு, படி, ஓடை மூன்றும் சேருகிற இடமாக இருந்தால் நல்லது. அதில் தாக்குப்பிடித்தால் வாங்குங்கள்.

குன்னூர் நர்சரி:

எனக்கு லெவல் எல்லாம் சரியாகத்தான் வந்தது. படம்தான் வினையானது. மாடலை நிஜம் போலப் படமாக்கும் ரெண்டர் மென்பொருளின் மர நூலகத்தில் நம் சோலை மரம் ஒன்றும் இல்லை. செண்பகமும் மலை நாவலும் வைக்க வேண்டிய இடத்தில், உயரம் ஒத்துப்போகிறதே என்று வெள்ளைத் தண்டு பிர்ச் மரம் நான்கை நிறுத்திவிட்டேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'மரம் மாதிரிக்கு மட்டும்' என்று போட்டிருந்தேன்.

வீட்டுக்கார ஐயா ஓய்வு பெற்றவர். அந்தப் படத்தை லேமினேட் செய்துவிட்டார். பேப்பரோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு நர்சரியாக ஏறி இறங்கியிருக்கிறார். எங்கள் நர்சரிக்கும் வந்தார். படத்தை மேஜையில் வைத்து, "தம்பி, இந்த வெள்ளை மரம் எங்க கிடைக்கும்? வீட்டம்மா ஆசைப்படுறா" என்றார். வரைந்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். தவறாமல் கிடைக்கும் என்றே நம்பிக் கேட்டார்.

இப்போது சிம்ஸ் பூங்காவிலும் சாலையோரத்திலும் நானே மரங்களைப் படமெடுத்து, பின்னணியை வெட்டி வைத்திருக்கிறேன். 19 மரம் சேர்ந்திருக்கிறது. வேண்டுபவர்கள் கேளுங்கள், தருகிறேன்.

ஊட்டி சீகை:

விண்வெளியிலிருந்து எடுத்த உயரத் தரவை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 3 ஏக்கருக்கு எஸ்ஆர்டிஎம் (நாசா விண்கலத்திலிருந்து எடுத்த உயரத் தரவு) இறக்கினேன். 30 மீட்டர் கட்டம், மொத்த நிலத்துக்கும் பதின்மூன்று பதினான்கு கட்டம்தான் விழும். அது 2000 பிப்ரவரியில் ரேடாரில் எடுத்தது. அடர்ந்த மரக்கூட்டம் இருந்தால் தரைக்கும் மர உச்சிக்கும் நடுவே எங்கேயோ ஒரு உயரத்தைக் காட்டும். கிழக்கு மூலையில் மேடு என்று வந்தது, காட்சிமேடை அங்கே என்று குறித்தேன். அங்கே நின்ற சீகை (வாட்டில்) மரங்களை வெட்டி எடுத்த பிறகு போய் நின்றேன். மேடு இல்லை. பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தது. அது சதுப்பு. காட்சிமேடையைக் கைவிட்டோம், சதுப்பை அப்படியே விட்டோம். இப்போது அங்கே தவளைச் சத்தம்.

கோத்தகிரி மேடு:

லெவல் பார்ப்பவன் அண்ணா, பிரேக்லைன் எனக்கு அப்போது தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கையால் வரைந்திருந்தால் தெரியாத இடத்தில் பென்சில் தயங்கியிருக்கும், போய்ப் பார்த்திருப்பேன். திரையில் தெரிந்த இடமும் தெரியாத இடமும் ஒரே பச்சையில் ஒரே வழுவழுப்பாக வந்தன. எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஊட்டிக்காரர் சொன்ன மேடும் குன்னூர் ஐயாவின் வெள்ளை மரமும் எனக்கு இதே கதையாகத்தான் தெரிகிறது.

மறுநாள் உண்ணிச்செடியை வெட்டிவிட்டு, மேஸ்திரி ஸ்டாஃபை (லெவல் பார்க்கிற அளவுக் கம்பு) பிடிக்க, நான்கு கட்டுக்கும் தலையிலும் அடியிலுமாக 62 புள்ளி எடுத்தோம். மூன்றாவது கட்டில் ஒரு இடத்தில் கல்வரிசை மாறியிருந்தது. மேஸ்திரி கையை உள்ளே விட்டார், முழங்கை வரை போனது. மக்கின இலையை இழுத்துப் போட்டதும் சேறு வந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர். பழைய தண்ணி வாய், கட்டுக்குப் பின்னால் ஊறும் தண்ணீர் வெளியேற விட்ட துளை. 2009 நவம்பரில் கட்டுகள் மண்ணோடு இறங்கினதைப் பார்த்தவர் அவர். "நல்லவேளை, அடைச்சுப் பூசலை" என்றார்.

அதற்கு 'தண்ணி வாய்' என்றே பெயர் போட்டுத் தனி லேயர் வைத்தேன். பாதை இப்போது அதன் மேல் ஒரு கல்பலகையில் தாண்டிப் போகிறது.