மார்பக நீக்க அறுவைக்குப் பிறகு ட்ரெயின் குழாய், கை அசைவு: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெண்ணிலா:

அக்காவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். வரும் வாரம் அறுவை. மார்பகத்தை முழுதாக எடுத்து, அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். சீட்டில் மாடிஃபைட் ராடிகல் மாஸ்டெக்டமி என்று இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் ட்ரெயின் குழாயோடேயே (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய்) வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கூட இருந்து பார்க்கப்போவது நான்தான். அந்தக் குழாயை எப்படிக் கையாள்வது, எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இன்னொன்று: "இனி அந்தக் கை உதவாது, அசைக்கவே விடாதே" என்று சொந்தத்தில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அக்கா அதைக் கேட்டே பாதி உடைந்துபோயிருக்கிறாள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வார்டு_செவிலி:

வெண்ணிலா, கையைப் பற்றிய பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது பழைய அறுவையிலிருந்து வந்த பயம். 1890களில் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்பகத்தோடு அடியிலுள்ள மார்புத் தசைகளையும் வெட்டி எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் அதுதான் நடைமுறை. தோள் இறுகி, கை பெருத்துப் போனவர்கள் பலர். 1971இல் இன்னொரு அமெரிக்க சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு, அவ்வளவு வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டிய பிறகே அது ஓய்ந்தது. உங்கள் அக்காவுக்குச் செய்யப்போவதில் பெரிய மார்புத் தசை அப்படியே இருக்கும். மார்பகத் திசு, காம்பு, அதைச் சுற்றிய தோல், அக்குளின் கீழ் அடுக்கிலும் நடு அடுக்கிலும் உள்ள நெறிகள், இவைதான் போகும்.

இனி குழாய். மார்பகம் இருந்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அதில் நிணநீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுத்தால்தான் தோல் தசைமேல் படிந்து ஒட்டும். அதற்காகத்தான் ஒன்றோ இரண்டோ குழாய், ஒவ்வொன்றின் முனையிலும் அமுக்கிவைத்த குமிழ்.

காலையும் மாலையும் ஒரே நேரத்தில் காலி செய்யுங்கள். நடுவில் பாதிக்கு மேல் நிரம்பினால் அப்போதே. சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் இறுகப் பிடியுங்கள். பிடிக்காமல் உருவினால் தையல் இழுபடும். மறு கையின் இரு விரல்களால் குழாயை நசுக்கியபடி குமிழை நோக்கி உருவிவிடுங்கள். உள்ளே நூல்நூலாய் நிற்கும் உறைகட்டிகள் இறங்கும். பிறகு மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும், கூட்டிப் போடக் கூடாது. கடைசியாகக் குமிழைத் தட்டையாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடுங்கள். விட்டுவிட்டு மூடினால் உறிஞ்சும் விசை இருக்காது, நீர் உள்ளேயே தங்கும். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இந்த இடத்தில்தான். குமிழைக் காயத்துக்குக் கீழே வரும்படி உடையில் ஊக்கால் மாட்டுங்கள். படுக்கை விரிப்பில் மாட்டினால் எழும்போது இழுத்துவிடும்.

முதல் ஓரிரு நாள் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வைக்கோல் மஞ்சள்: இதுதான் வழக்கம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்து, தொடர்ந்து இரண்டு நாள் அப்படியே நின்றால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். சில சர்ஜன்கள் 20 வரை காத்திருப்பார்கள். ஒன்று இரண்டு வாரம் ஆகும். அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம்.

அமுக்கி மூடிய குமிழ் சற்று நேரத்திலேயே காற்றால் உப்பினால் எங்கோ கசிவு: மூடியையும் இணைப்பையும் பாருங்கள், குழாயின் பக்கத்துளை தோலுக்கு வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நேற்று வரை நிறைய வந்தது இன்று நின்றுபோய், குழாயைச் சுற்றிக் கட்டு நனைந்தால் அடைப்பு. உருவிவிட்டும் இறங்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். அடர் சிவப்பு ரத்தம் வேகமாக நிரம்பி, மார்புப் பக்கம் விண்ணென்று வீங்கினால் தாமதிக்காமல் கிளம்புங்கள். 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல், கலங்கிய நாற்றமுள்ள நீர், பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அடையாளம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்த உறைவாக இருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது. வெட்டின் ஓரத் தோல் கறுத்து வந்தால் அங்கே ரத்த ஓட்டம் போதவில்லை என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம்.

தோள்_பிசியோ:

அசைக்காமல் வைத்தால்தான் கை கெடும். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள, மார்பின் முன்பக்கமும் அக்குளும் சுருங்கி, தோள் மூட்டு இறுகுகிறது. ரேடியேஷன் தேவைப்பட்டால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் படுக்க வேண்டியிருக்கும். தூக்க முடியாமல் போனால் சிகிச்சையே தள்ளிப்போகும். ஆகவே பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி.

அறுவைக்கு மறுநாளே தொடங்கலாம், உங்கள் சர்ஜன் வேண்டாம் என்று சொல்லாத வரை. விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுவது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது. ஒவ்வொன்றும் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. தலை வாருவது, முகம் கழுவுவது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யட்டும். ட்ரெயின் இருக்கும்வரை முழங்கையைத் தோள் மட்டத்துக்கு, அதாவது 90 டிகிரிக்கு, மேலே தூக்க வேண்டாம். அதற்கு முன்பே தூக்கினால் தோல் ஒட்டுவது தடைபட்டு நீர் கூடும்.

குழாய் எடுத்த பிறகு சுவர் ஏறும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நடந்து ஏற வேண்டும். இழுப்பு தெரியும் இடத்தில் சில விநாடி நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் உணர்வு சரி. குத்தும் வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். முழு அசைவு திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை கனமான எதையும் அந்தக் கையால் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம்.

ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை நோக்கி, முறுக்கிய கயிறு போலத் தோலுக்கடியில் ஏதோ தெறித்து நிற்கலாம். கையைத் தூக்கினால் இழுக்கும். பலர் பயந்து பயிற்சியை நிறுத்துவார்கள். அறுபட்ட நிணநீர் நாளங்கள் இறுகுவதால் வருவது அது, நோய் திரும்பியதல்ல. நீட்டல் பயிற்சியைத் தொடர்ந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் மறைந்துவிடும்.

வெண்ணிலா:

இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி. குழாய் எடுத்த பிறகு நீர் கோத்துக்கொள்ளும் என்கிறார்களே? அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது என்பது உண்மையா?

நிணநீர்_உதவி:

நீர் கோப்பது அடிக்கடி நடப்பதுதான். மார்பில் அல்லது அக்குளில் மெத்தென்று வீங்கி, அசைத்தால் தளும்பும். சிறிதாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். பெரிதாகி இறுகினால் வெளிநோயாளிப் பிரிவிலேயே ஊசியால் இழுத்துவிடுவார்கள். அந்த இடம் மரத்திருப்பதால் வலியும் குறைவு. மேற்கையின் உட்புறமும் மரத்துப்போகும். அக்குள் வழியே போகும் உணர்வு நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவதே காரணம். பாதி பாதியாகத் திரும்பலாம், ஓரிடத்தில் நிரந்தரமாகவும் தங்கலாம். வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

ஊசி, அழுத்தக் கருவி விஷயம்: அதனால் கைவீக்கம் (நெறிகளை எடுத்ததால் நிணநீர் சரியாக வடியாமல் கை வீங்குவது) வருகிறது என்பதற்கு உறுதியான சான்று குறைவு. மறு கை நன்றாக இருந்தால் அதில் பார்க்கச் சொல்லுங்கள், போதும். அவசர நேரத்தில் இதற்காக மறுத்து நிற்காதீர்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது தொற்றுக்கு. அந்தக் கையில் வெட்டு, தீக்காயம், பூச்சிக்கடி எதுவானாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். சிவந்து, சூடாகி, பரவி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவை.

கைவீக்கம் மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதனால் அறுவைக்கு முன்பே, இந்த வாரமே, இரண்டு கைகளையும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள்: மணிக்கட்டு, முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே. பின்னாளில் ஓரிடத்தில் 2 செ.மீ. கூடினாலோ, அதற்கு முன்பே மோதிரமோ சட்டைக் கையோ இறுகினாலோ நிபுணரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் கையை அழுத்திப் பிடிக்கும் நீள உறையும் பயிற்சியும் நன்றாகக் கேட்கும். முற்றிவிட்டால் திசு கெட்டியாகிக் கடினம்.

வார்டு_செவிலி:

விட்டுப்போன ஒன்று. அறுவையில் எடுத்த திசுவின் பயாப்ஸி ரிப்போர்ட் ஒன்று இரண்டு வாரத்தில் வரும். எடுத்த நெறிகள் எத்தனை, அவற்றில் நோய் இருந்தவை எத்தனை, வெட்டு ஓரத்தில் நோய் மிச்சமா, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஏற்பிகள் (புற்றணுக்களில் இருக்கிறதா என்று பார்க்கும் புரதங்கள்) எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீமோவா, ரேடியேஷனா, ஹார்மோன் மாத்திரையா என்பதை முடிவு செய்வது இவைதான். செயற்கை மார்பகத்துக்கு அவசரம் வேண்டாம்: முதலில் பஞ்சு வைத்த இலேசானது, காயம் நன்றாக ஆறியபின், சுமார் ஆறு முதல் எட்டு வாரத்தில், எடையுள்ள சிலிகான்.