‘சம்திங்’ பாட்டில் பேஸ் அதிகம் பேசுகிறதா?

நான்காம்தந்தி:
பீட்டில்ஸின் ‘சம்திங்’ (1969) பாட்டில் பால் மெக்கார்ட்னியின் பேஸைத்தான் (தாழ்ந்த நாதம் தரும் பேஸ் கிட்டார்) எல்லோரும் உச்சம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜார்ஜ் ஹாரிசன் போட்ட மெட்டுக்கு நிதானம்தான் உயிர். முதல் வரியில் சி, சி மேஜர் 7, சி 7, எஃப் என்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போது உள்ளே ஒரே ஒரு நோட்டு (சுரம்) சி, பி, பி ஃபிளாட், ஏ என்று படியிறங்குகிறது. அந்த நுணுக்கம் காதில் விழ வேண்டுமானால் அடித்தளம் அசையாமல் இருக்க வேண்டும். பேஸ் அங்கே சும்மா இருப்பதே இல்லை.

தாழ்சுருதி:
எங்கே அசைகிறது என்று கவனியுங்கள். கார்டு மாறும் முதல் பீட்டில் (தாளத்தட்டில்) மெக்கார்ட்னி பெரும்பாலும் ரூட்டில், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் நோட்டில், வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஓட்டமெல்லாம் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில்தான். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் இது பிடிபடாது. கீழ் ‘இ’ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதன் அடிநாதம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. ஹெட்ஃபோனில் ஒருமுறை கிக் டிரம்மை (காலால் அடிக்கும் டிரம்) மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை குரலை மட்டும். மூன்றாம் முறை பேஸ் தானாக முன்னால் வந்து நிற்கும்.

நான்காம்தந்தி:
இடைவெளியை நிரப்புவது வேறு, தாளத்தோடு பூட்டிக்கொள்வது வேறு. டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டூடியோவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதைவிட அதிக நோட்டு வாசித்தார். ஆனால் டிரம்மர் அதே அறையில், அதே நேரத்தில். அந்தப் பிடிப்பு பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) ஆல்பத்தில் இல்லை. அங்கே பல பாட்டுகளில் பேஸை மற்ற எல்லாம் முடிந்தபிறகு தனித் தடத்தில் சேர்த்தார்கள்.

தாழ்சுருதி:
அதுதானே அதன் பலம்! குரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு வாசித்தது அது. ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃபிரம் மை ஃபிரெண்ட்ஸ்’ பாட்டில் பாடும் டிரம்மர் ரிங்கோ ஒரு வரியை முடித்ததும் பேஸ் பதில் சொல்வதைக் கேளுங்கள்.

மரப்பாலம்:
ஒலிப்பதிவையும் சேர்த்துப் பேச வேண்டும். 1966 வரை பீட்டில்ஸ் பதிவுசெய்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பேஸை அடக்கியே வைத்தார்கள், ரெக்கார்டில் ஊசி துள்ளிவிடும் என்ற பயம். ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டின் பதிவில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் பேஸின் ஆம்ப் (ஒலிபெருக்கி) எதிரே ஒரு ஸ்பீக்கரையே மைக்காக வைத்தார், யோசனை ஸ்டூடியோ பொறியாளர் கென் டவுன்செண்டுடையது. மெக்கார்ட்னியின் கருவியும் மாறியிருந்தது: பழைய ஹாஃப்னர் பேஸ் சுமார் 30 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), புதிய ரிக்கன்பேக்கர் 33¼.

வாசித்துப் பார்ப்பவர்களுக்கு: முதலில் பாட்டு முழுக்க வெறும் ரூட். பிறகு மூன்றாம் பீட்டில், ரூட்டிலிருந்து எண்ணி ஐந்தாம் நோட்டு. அடுத்து, நான்காம் பீட்டின் கடைசி அரைப் பங்கில், வரப்போகும் ரூட்டுக்கு ஒரு ஃபிரெட் (கழுத்தில் உள்ள ஒரு கட்டம்) மேலோ கீழோ உள்ள நோட்டு. இது கைக்கு வந்தபிறகுதான் குரலின் இடைவெளியில் சொந்த மெட்டு. பலரும் நேரே கடைசிப் படிக்குத் தாவி, முதல் பீட்டில் மூன்றாம் நோட்டில் நிற்கிறார்கள். உடனே கார்டே தலைகீழாகக் கேட்கிறது. இன்னொரு சிக்கல், தந்தி மாறும்போது பழைய நோட்டு அடங்காமல் இழுப்பது. ஃபிளாட்வவுண்ட் தந்தியும் (வழவழப்பான சுற்றுள்ளது) பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கும் பாகம்) அருகே மெல்லிய ஸ்பாஞ்சும் இதைப் பாதி சரிசெய்யும். ஜேமர்சனும் அப்படித்தான். ஸ்பாஞ்சு அதிகம் அழுத்தினால் ‘தொப்’ என்ற சத்தம் மட்டுமே மிஞ்சும்.

நான்காம்தந்தி:
‘லிட்டில் ஹெல்ப்’ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெலடி பேஸ் (தனி மெட்டாக ஓடும் பேஸ்) என்றதும் நோட்டு எண்ணிக்கையை ஏன் பார்க்கிறோம்? அதே 1966-இல் பீச் பாய்ஸின் ‘காட் ஒன்லி நோஸ்’. குரல் தொடங்கும் இடத்தில் டி கார்டுக்குக் கீழே பேஸ் ஏ, பி மைனருக்குக் கீழே எஃப் ஷார்ப். இரண்டுமே ஐந்தாம் நோட்டு. அதற்கு மெட்டமைத்த பிரையன் வில்சனுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

தாழ்சுருதி:
முதல் பீட்டில் ரூட் என்று நான் சொன்னதற்கு நேர் எதிரான உதாரணம், சரிதான். அங்கே ரூட்டைப் போட்டு வாசித்துப் பாருங்கள். கார்டு அதேதான், அந்த மிதப்பு போய்விடும். ‘சம்திங்’ பாட்டிலும் வெறும் ரூட் வைத்து வாசித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.