புதுப்பிப்பு: றம்பொடை ஏற்றத்துக்கு 3.5 லீற்றர் தேவைப்படவில்லை

நுவரெலியாவுக்கு ஏறும் மலைப்பாதையில் புசல்லாவையைத் தாண்டியதும் எனது 2.5 லீற்றர், ஐந்து கியர் தானியங்கிக் கார் மூன்றாம், நான்காம் கியர்களுக்கிடையே ஓயாமல் மாறித் தடுமாறுவதால், 3.5 லீற்றர் சொகுசுக் கார் வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் உளமார்ந்த நன்றி.

எஞ்சின் கொள்ளளவை விட, முறுக்குவிசை (சக்கரத்தைத் திருப்பும் விசை) எஞ்சினின் எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது என்பதையே பாருங்கள் என்று ஹட்டன் அன்பர் சொன்னதுதான் சரியாக அமைந்தது. நான் ஓட்டிப் பார்த்து வாங்கிய பழைய பென்ஸ் சி200, 1,991 சிசி (ஏறத்தாழ 2 லீற்றர்) டர்போ எஞ்சினைக் கொண்டது; டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி. நிமிடத்துக்கு 1,200 சுழற்சியிலேயே 300 நியூட்டன் மீற்றரைத் தருவதாலும், ஏழு கியர்களின் இடைவெளி நெருக்கமாக இருப்பதாலும், நால்வர் ஏறியும் றம்பொடை வளைவுகளில் சுழற்சிமானி ஊசி 2,500ஐத் தாண்டாமலே ஏறியது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அந்தளவு வலுவை இழக்கும், டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்கிறது.

எதிர்பாராதது இறக்கம். கொள்ளளவு சிறிதென்பதால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைவு. லபுக்கலையிலிருந்து கியரைத் தானாக மாறும் ‘டி’ (D) நிலையிலேயே விட்டு இறங்கியபோது பிரேக் கருகும் வாடை வந்தது. இப்போது ஸ்டியரிங் துடுப்பால் (கையால் கியர் மாற்றும் நெம்பு) இரண்டாம் கியரில் பிடித்தே இறங்குகிறேன், வாடை இல்லை.